பேருந்து ஓடும் தீவு

சென்னையின் மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் மெட்ரோ தூண்கள் எழுந்ததும் அவற்றில் முதலில் குடியேறியவை சுவரொட்டிகள்தான். நீட் பயிற்சி, மெத்தைத் தள்ளுபடி, மூட்டுவலிக்குச் சிகிச்சை. ஐயப்பன்தாங்கல் பணிமனையை ஒட்டிய தூண்களில் இவற்றுக்கு நடுவே நீலக்கடலும் தென்னை மரமும் தெரியும். ‘பாலி, நான்கு இரவு ஐந்து பகல்’, ‘மாலத்தீவில் தேனிலவு’. கொட்டை எழுத்தில் ஒரு தொகை, அதன் தோளில் கடுகளவு ஒரு நட்சத்திரக்குறி. தொகை எல்லோர் கண்ணிலும் படும். அந்தக் கடுகைப் படித்து முடிக்க எனக்கு ஒரு கோடை முழுக்கத் தேவைப்பட்டது.

எங்கள் பக்கம் வீடு வாங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ராமச்சந்திரா மருத்துவமனை கிட்டத்தில், மணப்பாக்கத்து ஐ.டி. கம்பெனிகள் கிட்டத்தில் என்று அடுக்குவார்கள். கார் வாங்க வழியில்லாத காலத்தில் வந்த எங்களுக்கு ஒரே காரணம்தான் இருந்தது. பஸ் இங்கிருந்து கிளம்புகிறது, ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். இதைவிட மலிவாக உள்ளே தள்ளி மனை கிடைத்தது. ஆனால் தினமும் வெளியே வந்துபோக ஆகும் செலவைக் கூட்டினால் மலிவு காணாமல் போய்விடும் என்று என் வீட்டுக்காரர் அப்போதே ஒரு நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினார். வெளிநாட்டுத் தீவுக்குப் போவது என்று முடிவானதும் பழைய நோட்டைத் தூசி தட்டி எடுத்தவரும் அவர்தான். “டிக்கெட் விலைய அப்புறம் பாப்போம். எறங்கின பிறகு நாம நாலு பேரும் நகர்றதுக்கும் சாப்பிடறதுக்கும் என்ன ஆகும்னு மொதல்ல பாரு” என்றார்.

நாலு பேர் என்பது நாங்கள் இருவர், எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், எழுபதைத் தொடும் அத்தை.

மகளின் ஓட்டு மாலத்தீவுக்கு. அதில் நியாயமும் இருந்தது. இந்தியர்களுக்கு விசாக் கட்டணம் இல்லை. இறங்கியதும் தங்க அனுமதி கிடைத்துவிடும். பணக்காரர்களுக்கான தனித்தீவு விடுதிகள்தான் மாலத்தீவு என்ற காலமும் போய்விட்டது. 2010 வாக்கில் உள்ளூர் மக்கள் குடியிருக்கும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் நடத்த அந்த அரசு வழிவிட்டது. தலைநகர் மாலேக்குத் தெற்கே இருக்கும் மாஃபுஷியில் நம் பட்ஜெட்டுக்கு எட்டும் அறைகள் நிறையவே உண்டு.

வீட்டுக்காரர் நோட்டில் எழுதத் தொடங்கினார். பசுமை வரி என்று ஒன்று. 2025 ஜனவரியிலிருந்து உள்ளூர்த் தீவின் சிறு விடுதிகளில் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 6 டாலர், சொகுசு விடுதிகளில் 12. அறைக்கு இல்லை, ஆளுக்கு. நாலு பேர் என்றால் இரவுக்கு 24 டாலர், நம் கணக்கில் இரண்டாயிரத்து நூறு ரூபாய். அறை வாடகை தனி. அதன் மேல் சுற்றுலாச் சரக்கு சேவை வரி, 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம். விடுதிகள் பொதுவாகப் போடும் சேவைக் கட்டணம் 10 சதவீதம். திரும்பும்போது இன்னொன்று காத்திருக்கிறது. 2024 டிசம்பரிலிருந்து, சாதாரண வகுப்பில் பறக்கும் வெளிநாட்டவரும் புறப்பாட்டு வரியாக 50, விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணமாக 50, ஆக 100 டாலர் கட்டியாக வேண்டும். டிக்கெட் விலைக்குள் கரைந்து வருவதால் யாரும் கவனிப்பதில்லை. எங்கள் நால்வருக்கும் அது மட்டுமே முப்பத்தைந்தாயிரம் ரூபாய். மாலேயிலிருந்து மாஃபுஷிக்குச் சொற்பக் கட்டணத்தில் அரசுப் படகு உண்டு, வெள்ளிக்கிழமை ஓடாது. வெள்ளியன்று இறங்குபவர் விரைவுப் படகுக்கு ஆளுக்கு இருபது இருபத்தைந்து டாலர் எடுத்து வைக்க வேண்டும். இதையெல்லாம் கூட்டிய பிறகும் சமாளித்திருப்போம். தீவில் என்ன செய்வது என்ற கேள்வியில்தான் மாட்டிக்கொண்டோம். கடலில் இறங்காத அத்தை அங்கே அறை வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பாலிக்கு விசா 5 லட்சம் ருப்பியா. 2024 பிப்ரவரி 14 முதல் சுற்றுலா வரி என்று இன்னொரு ஒன்றரை லட்சம். லட்சம் என்றதும் பயப்பட வேண்டாம், இரண்டும் சேர்ந்து ஆளுக்கு மூவாயிரத்து ஐநூறு ரூபாய் அளவில் வரும். ஆனால் வழியில் விமானம் மாற வேண்டும், அங்கே தினமும் காரும் ஓட்டுநரும் வேண்டும். நோட்டில் பாலிக்கு அரைப் பக்கத்துக்கு மேல் கிடைக்கவில்லை.

பினாங்கை எடுத்துக் கொடுத்தவர் அத்தை. அவருக்கு வேதாரண்யம். “எங்க சித்தப்பா நாகப்பட்டினத்துல ரஜூலா ஏறிப் பினாங்குக்குப் போனவரும்மா. டெக்குல பாயை விரிச்சுக்கிட்டு அஞ்சாறு நாளு. திரும்பி வந்தப்ப ஒரு தகரப் பெட்டி நெறைய பிஸ்கட்டு” என்றார். கீழத்தஞ்சைக் கடலோரத்தில் இந்தக் கதை இல்லாத வீடு குறைவு. 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. அதற்குப் பின் வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. அந்தக் கப்பல் போக்குவரத்தும் அதோடு முடிந்தது. நாகையிலிருந்து போவதற்கு மலிவான வெளிநாடாக ஒரு காலத்தில் இருந்த ஊர், பின்னால் கோலாலம்பூரோ சிங்கப்பூரோ சுற்றிப் போக வேண்டிய ஊராகிவிட்டது. 2024 டிசம்பர் 21 அன்று இண்டிகோ சென்னையிலிருந்து நேரடி விமானம் விட்ட பிறகுதான் அது மறுபடி எங்களைப் போன்றவர்களின் கணக்குக்குள் வந்தது. நான்கு மணி நேரப் பயணம். 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு மலேசியாவில் 30 நாள்வரை விசா வேண்டாம். வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் ஒரு வருகை அட்டையை நிரப்பினால் போதும், அது இலவசம். அதற்குக் காசு கேட்கும் தளங்கள் இருக்கின்றன. கேட்டால் அது அரசுத் தளம் இல்லை.

போரூரில் ஒரு பயண நிறுவனத்தில் விசாரித்தோம். முன்பதிவு மேசையில் இருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். “மேடம், எல்லாம் சேத்துக் குடுத்துடறோம், நீங்க பேக் மட்டும் எடுத்துட்டு வாங்க.” தொகைக்குக் கீழே ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கும் கீழே டி.சி.எஸ். 5 சதவீதம் என்று இருந்தது. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை விற்பவர் வருமான வரிக்கென்று முன்கூட்டியே பிடித்து வைக்கும் பணம் இந்த டி.சி.எஸ். நாங்கள் போன 2025-இல் பத்து லட்சம் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 20. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். ஆனாலும் பல மாதம் அது நம் கையில் இருக்காது, பட்ஜெட்டில் ஓட்டை ஓட்டைதான். விமான டிக்கெட்டையும் அறையையும் நாமே தனித்தனியாக எடுத்தால் அது தொகுப்பாகாது, பிடித்தமும் இல்லை. தனித்தனியாகவே எடுத்தோம். டிக்கெட் போய்வர ஆளுக்கு இருபதாயிரத்தை ஒட்டி வந்தது. நோட்டில் பலர் எழுத மறக்கும் வரி பாஸ்போர்ட். அத்தைக்குப் புதிது, மகளுக்குப் பழையது காலாவதி. சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து வருஷத்துக்குத்தான். பெரியவருக்கு 1,500, சிறியவருக்கு 1,000 கட்டணம். சாலிகிராமம் சேவா மையத்துக்குப் போய்வந்த ஆட்டோவும் சேர்த்தி.

காலாண்டு விடுமுறையில் கிளம்பினோம். பினாங்கில் அது மழை மாதம். அதனாலேயே அறை வாடகை இறங்கியிருந்தது.

பினாங்கு விமான நிலையம் தீவின் தெற்கு மூலையில் பாயான் லெப்பாஸில் இருக்கிறது. ஊர் மையமான ஜார்ஜ் டவுன் பதினாறு கிலோமீட்டர். வெளியே வந்ததும் டாக்சிக்காரர்கள் பெட்டியைப் பார்த்தார்கள், நாங்கள் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்தோம். 401 எண் பேருந்து, ஆளுக்கு மூன்று வெள்ளிக்குள். ரிங்கிட்டை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்கிறார்கள், இரண்டு நாளில் நமக்கும் அதுவே வாயில் வந்துவிடும். அப்போது ஒரு வெள்ளி 21 ரூபாயை ஒட்டி இருந்தது. ஐயப்பன்தாங்கலிலிருந்து கெருகம்பாக்கம், பம்மல், பல்லாவரம் என்று சுற்றி மீனம்பாக்கம் போக நாங்கள் கொடுத்த கார் வாடகையில் பாதிகூட நால்வருக்கும் ஆகவில்லை. சில்லறை சரியாக வைத்திருக்க வேண்டும், ஓட்டுநர் மீதி தர மாட்டார். நம் நடத்துநர் டிக்கெட்டின் பின்னால் மீதியை எழுதிக் கொடுப்பாரே, அந்தப் பேச்சுக்கே அங்கு இடமில்லை, நடத்துநரே கிடையாது. ஜார்ஜ் டவுனுக்குள் சுற்றிவர இலவசப் பேருந்தும் ஓடுகிறது. கால்வலிக்கார அத்தை அதை ஊரைச் சுற்றிப் பார்க்கும் வண்டியாகவே வைத்துக்கொண்டார். ஜன்னல் ஓரம் பிடித்து உட்கார்ந்து, போன சுற்றில் பார்த்த கடையை எனக்கு அடையாளம் காட்டினார்.

லிட்டில் இந்தியாவை ஒட்டிய பழைய கடைவீட்டு விடுதி ஒன்றில், நாலு பேர் படுக்கக்கூடிய ஒரே அறை. இங்கேயும் வரி உண்டு. வெளிநாட்டவர் தங்கும் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி, 2017 செப்டம்பரிலிருந்து. அதோடு பினாங்கு மாநிலத்தின் சிறு கட்டணம் இரண்டோ மூன்றோ வெள்ளி. கைபேசியில் பார்த்த வாடகையில் இது சேரவில்லை, வரவேற்பு மேசையில் கையில் கட்டச் சொன்னார்கள். ஆனால் இது அறைக்கு விதித்த வரி. நாலு பேர் ஒரே அறையில் படுத்தாலும் முந்நூறு ரூபாய்க்கு மேல் போகாது. மாலத்தீவில் இதே இடத்தில் இரண்டாயிரத்து நூறு எழுதியிருந்தோம். குடும்பத்தோடு போகிறவர்கள் தீவுகளை ஒப்பிடும்போது வரி எத்தனை சதவீதம் என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. தலைக்கா அறைக்கா என்று கேட்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு வருவோம். இந்தப் பயணத்தில் நான் ஆற அமரச் சொல்ல ஆசைப்படுவது இதைத்தான். நாசி கண்டார் தமிழ் முஸ்லிம்கள் பினாங்குக்குக் கொடுத்த சோறு. தோளில் காவுத்தடி வைத்து, ஒரு முனையில் சோற்றுப் பானையும் மறுமுனையில் குழம்புமாகத் துறைமுகக் கூலிகளுக்கு விற்றுத் தொடங்கிய வியாபாரம். கேம்பெல் தெருவிலிருக்கும் ஹமீதியா 1907-லிருந்து நடக்கிறது. நாங்கள் போனது பெயர்ப்பலகை மங்கிய ஒரு சின்னக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு தட்டுகளில் கோழி, மாட்டுக்கறி, மீன்தலை, கணவாய், வெண்டைக்காய். பரிமாறுபவர் தட்டில் சோற்றைத் தட்டி, கோழி வைத்து, ஒரு குழம்பிலிருந்து அரைக் கரண்டி, இன்னொன்றிலிருந்து அரை, மூன்றாவதிலிருந்து வழித்து ஒரு சுற்று என்று ஊற்றிக்கொண்டே போனார். கரண்டியைத் தூக்கி என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

“குழம்பு பஞ்சிரா அண்ணே?”

“அப்படின்னா?”

“வெள்ளம் மாதிரி ஊத்தறது. சோறு முங்கிடணும். எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க, மெட்ராஸா?”

“ஐயப்பன்தாங்கல். போரூர் பக்கம்.”

“போரூர் கேட்டிருக்கேன். நமக்கு கடையநல்லூர், அப்பா வந்தது. நான் இங்கேயே பொறந்தது லா.”

தட்டை ஒரு பார்வை பார்த்து “பதினொரு வெள்ளி” என்றார். பட்டியலும் கிடையாது, எடையும் கிடையாது, கண்தான் தராசு. கோழி, முட்டை, காய் வரை பயமில்லை. பெரிய இறால், மீன்தலை, கணவாய் முட்டை இவற்றைக் கைநீட்டுவதற்கு முன் “இது எவ்வளவு அண்ணே?” என்று கேட்டுவிட வேண்டும், கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை, உள்ளூர்க்காரர்களும் கேட்கிறார்கள். அத்தை சைவம். பக்கத்துத் தெருவிலேயே அவருக்கு வாழையிலைச் சாப்பாடு இருந்தது. காலையில் ரொட்டி சானாயும் இழுத்த தேநீரும் ஆளுக்கு ஐந்து வெள்ளியைத் தாண்டவில்லை. தீவுச் சுற்றுலா என்றால் காலை உணவோடு அறை எடுக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். பினாங்கில் அது வீண் செலவு. விடுதியின் காய்ந்த ரொட்டிக்குக் காசு கொடுத்துவிட்டுத் தெருவில் மணக்கிற பரோட்டாவைப் பார்த்துக்கொண்டு போவானேன்?

கொண்டுபோன டாலரை லிட்டில் இந்தியாவிலேயே தமிழ் பேசும் பணமாற்றுக் கடையில் மாற்றினோம். நம் கடன் அட்டைகளில் பெரும்பாலானவை வெளிநாட்டுச் செலவுக்கு மூன்றரை சதவீதம் வரை கட்டணம் போடும். கட்டணத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. நூறு ரூபாய்க்கு நாலு ரூபாய்க்கு மேல் கழன்றுவிடும். கட்டணம் இல்லாத அட்டைகளும் உண்டு, கிளம்புமுன் கேட்டு வாங்குங்கள். இயந்திரம் ‘ரூபாயிலா, ரிங்கிட்டிலா?’ என்று கேட்டால் ரிங்கிட்டையே அழுத்த வேண்டும். ரூபாயை அழுத்தினால் மாற்று விலையைக் கடைக்காரரின் வங்கி வைக்கும், அது நமக்குச் சாதகமாக இருக்காது.

ஊரில் பார்க்க வேண்டியவற்றில் பாதிக்கு மேல் இலவசம். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பழைய நகரம் முழுக்க நடந்தே பார்க்கலாம். 1801-இல் சோழமண்டலக் கரை வணிகர்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் மசூதியும், 1833-இல் கட்டிய குயின் தெரு மகா மாரியம்மன் கோவிலும், நடுவே சீனக் கோவில்களும் காலார நடக்கிற தூரத்தில். நவராத்திரி நாள் என்பதால் மாரியம்மன் கோவிலில் அத்தைக்கு நேரம் போனதே தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்த ஓர் அம்மாளின் தாத்தாவும் ரஜூலாவில் வந்தவராம், இருவரும் விட்டால் மறுநாள்வரை பேசியிருப்பார்கள். தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு 513 படி. மகள் ஏறினாள், நான் பாதியில் உட்கார்ந்தேன், அத்தை அடிவாரத்திலிருந்தே கும்பிட்டார். காசு கேட்ட இடம் பினாங்கு மலை. 1923-இல் ஓடத் தொடங்கிய மலை ரயிலில் போய்வர வெளிநாட்டுப் பெரியவருக்கு 30 வெள்ளி, உள்ளூர்க்காரருக்கு 12. மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர் தனி வரிசையில் கூடுதல் காசு கட்டுவதை இத்தனை வருஷம் சாதாரணமாகப் பார்த்த நாம், நம் முறை வரும்போது முணுமுணுக்கக் கூடாது. மேலே முருகன் கோவிலும் மசூதியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கீழே மொத்த ஊரும் கடலும். கொடுத்த காசுக்குக் குறைவில்லை. போக 204 எண் பேருந்து.

கடலைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், தீவு என்றால் கடல்தானே. 101 எண் பேருந்து பிடித்து வடகரையில் பத்து ஃபெரிங்கி போனோம். மணல் நன்றாகத்தான் இருந்தது. தண்ணீர் கலங்கல், ஜெல்லி மீன் எச்சரிக்கைப் பலகை வேறு. சுவரொட்டியில் தெரிகிற நீலம் அங்கே இல்லவே இல்லை. மகள் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். “பெசன்ட் நகர் பீச்சுக்கு பாஸ்போர்ட் எதுக்கும்மா?” என்றாள். மாலை மழை பிடித்தது. இரவுச் சந்தையில் சோளமும் பழரசமும் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தோம். பாராசெயிலிங் விலை கேட்டோம், கேட்டதோடு சரி.

திரும்பி வந்து நோட்டைக் கூட்டினால், பாஸ்போர்ட்டிலிருந்து மீனம்பாக்கம் கார் வாடகைவரை நால்வருக்கும் ஒன்றே முக்கால் லட்சத்துக்குள் அடங்கியிருந்தது. பாதிக்கு மேல் விமானமும் அறையும். தீவுக்குள் நகர்ந்த செலவு, மலை ரயிலை விட்டுவிட்டால், சொல்லிக்கொள்ளும்படி இல்லை. நட்சத்திரக்குறி போட்ட தொகுப்புகளில் இந்தச் செலவுதான் பெருகும்: விமான நிலையத்திலிருந்து கூட்டிப் போக ஒரு தொகை, சுற்றிக்காட்ட ஒரு தொகை, அவர்கள் நிறுத்துகிற ஓட்டலில் சாப்பிட ஒரு தொகை. சுற்றுலாப் பயணிக்காக மட்டுமே இருக்கும் தீவில் எல்லாமே பயணியின் விலைக்குத்தான் கிடைக்கும். உள்ளூர்க்காரர் வேலைக்குப் போகிற பேருந்தும் மதியம் சாப்பிடுகிற கடையும் இருக்கிற தீவில் அவர்கள் கொடுப்பதை நாமும் கொடுத்தால் போதும்.

முழங்கால் தண்ணீரில் மீன் தெரிய வேண்டும் என்பவர்கள் பினாங்குக்குப் போய் ஏமாற வேண்டாம். மாஃபுஷிக்கே போங்கள், தலைக்கு இத்தனை டாலர் என்று வரிக்குத் தனியாக எடுத்து வையுங்கள், வெள்ளிக்கிழமை போய் இறங்காதீர்கள். வயதானவரும் பிள்ளையும் சேர்ந்து போகும் குடும்பம் என்றால் என் ஓட்டு பினாங்குக்குத்தான். அறிவித்தபடி மலேசியாவின் விசா விலக்கு 2026 டிசம்பர் 31 வரை. டிக்கெட் விலை பார்ப்பதற்கு முன் பீரோவைத் திறந்து, பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மிச்சமிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.